அக்கராயனுக்குப் போன ஆறு கைப்பட்டிகள்

1

நான் வேலைசெய்கிற இடத்தில், கோப்பி மெசினுக்கு மேலே, என் மச்சாளின் படத்தை மாட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டடத்துக்குள் போய்வருகிறேன். முதல் ஏழு வருடம் கூட்டித் துடைத்தேன், மிச்ச வருடங்கள் தைத்தேன். அந்தச் சுவரையே எத்தனையோ தரம் துடைத்திருக்கிறேன். என் படம் அதில் ஒருநாளும் ஏறவில்லை. தவமணி ஏறிவிட்டாள். வன்னியில், அக்கராயனில் ஒரு மிளகாய்த் தோட்டத்துக்குள், புருசனின் நீளக்கைச் சேர்ட்டைத் தன் சட்டைக்கு மேலே போட்டு, தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு, இடது கையைத் தூக்கிக் காட்டியபடி நிற்கிறாள். மேற்கையில் இருப்பது நான் தைத்த பட்டி. கோப்பி எடுக்க வருகிறவர்கள் பட்டியைப் பார்ப்பதில்லை. “என்ன மாதிரிச் சிரிக்கிறா பார்” என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள், வெளிநாட்டில் இருக்கிறவளுக்கு ஊரில் வெயில் குடிக்கிறவளைப் பார்த்து எரிச்சலா என்று. எரிச்சல்தான். புலம்பெயர்ந்தவர்கள் குளிரைப் பற்றி எழுதுவோம், பிள்ளைகள் தமிழ் மறந்ததைப் பற்றி எழுதுவோம், ஊர் நினைவைப் பற்றி எழுதுவோம். இதை எழுதமாட்டோம். நான் எழுதிப் பார்க்கிறேன்.

2

டென்மார்க்கில் யூலாந்து என்கிற சமவெளிப் பகுதியில் இருக்கிறேன். காற்று நாலு பக்கத்தாலும் அடிக்கும். எங்கள் சிறு நகரம் ஒரு காலத்தில் தையல் தொழிற்சாலைகளின் நகரம். நான் வந்திறங்கியபோதே பாதி மூடியாகிவிட்டது. மூடிய ஒன்றுக்குள்தான் இப்போது எங்கள் சிறிய நிறுவனம் இருக்கிறது. மொத்தம் பதினான்கு பேர்.

வெயிலிலும் சூட்டிலும் வேலைசெய்கிறவர்கள் மேற்கையில் கட்டுவதற்கு ஒரு பட்டி செய்கிறோம். அது உடம்புச் சூட்டையும் நாடித் துடிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒழுங்கென்றால் சின்னதாக ஒரு பச்சை லைற் எரியும். சூடு அளவை மீறினால் பட்டி அதிரும்; போய் நிழலில் இரு என்று அர்த்தம். இதற்குப் பற்றரி வேண்டும், அது கையோடு வளையவும் வேண்டும். ரெலிபோனுக்குள் இருக்கிற லிதியம் பற்றரி பழுதானால் தீப்பிடிக்கக்கூடியது, தோலோடு வைக்கப் பயம். அதனால் துத்தநாகம். ஒரு பக்கம் மெல்லிய துத்தநாகம், மறுபக்கம் மங்கனீசு பூசிய கரித்துணி, நடுவில் நுங்குபோல ஒரு கூழ். கூழுக்குள் துத்தநாக உப்புக் கரைந்த தண்ணீர். எல்லாவற்றையும் மெல்லிய உறைக்குள் வைத்து ஓரத்தைச் சூட்டால் ஒட்டிவிடுவார்கள். கையில் எடுத்தால் நமுத்துப்போன அப்பளம்போல வளையும். தண்ணீர் இருக்கிறபடியால் எரியாது. அந்த உறையின் ஓரத்தைத் துணிப் பட்டியோடு சேர்த்துத் தைப்பது என் வேலை.

இதை எனக்கு விளக்கியவர் கிர்ஸ்டன். எங்கள் பொறுப்பாளர், பெரிய படிப்புப் படித்த பொறியியலாளர், சத்தம் போட்டுக் கதைக்கவே தெரியாத மனுசி. நான் எட்டாம் வகுப்போடு இடம்பெயர்ந்து படிப்பை விட்டவள். ஆனால் அவர் சொல்லி முடிக்கமுதல் எனக்கு விளங்கிவிட்டது. துத்தநாகம், மங்கனீசு, கரி, உப்புத் தண்ணீர். இது எங்கள் ரோச் லைற் பற்றரியின் உறவுக்காரன் அல்லவா.

போர் நடந்து வன்னிக்குள் பற்றரி கொண்டுவரத் தடை இருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. செத்த பற்றரியை யாரும் எறிவதில்லை. முதலில் வெயிலில் வைப்போம். அதற்கும் எழும்பாவிட்டால் ஆணியால் இரண்டு துளை போட்டு, உப்புத் தண்ணீர் விட்டு, மெழுகால் அடைப்போம். றேடியோவில் செய்தி முடியும்வரைக்கும் உயிர் நிற்கும். அந்த வேலையில் தவமணிக்கு ஒரு கைராசி. அவள் என் தாய்மாமன் மகள், என்னைவிட நாலு மாதம் மூத்தவள். உருத்திரபுரத்தில் அவர்கள் வீடும் எங்கள் வீடும் ஒரே வாய்க்கால் கரையில். நான் தண்ணீர் விட்ட பற்றரி ஒழுகும், அவள் விட்டது பாடும். ஊர்ச் சனம் செத்த பற்றரிகளைப் பையில் கட்டிக்கொண்டு எங்கள் படலையைத் தாண்டி அவளிடம் போகும். “அதுக்குத் தண்ணி விடாய், வேறையொண்டுமில்லை” என்பாள், தாகம் எடுத்த கன்றுக்குட்டியைப் பற்றிக் கதைக்கிறமாதிரி. பதினைந்து வயதிலேயே எனக்கு அவளில் எரிச்சல் இருந்தது என்பதை இதை எழுதும்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன்.

கிர்ஸ்டனுக்கு இந்தக் கதையை நான் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு முன்னால் எங்கள் இல்லாமையை விரித்துக் காட்ட வெட்கம்.

3

பட்டி டென்மார்க் காற்றில் நன்றாக வேலைசெய்தது. நல்ல வெயிலில், வியர்வையில் சோதிக்க ஆட்கள் வேண்டும் என்றார் கிர்ஸ்டன். நான்தான் கையைத் தூக்கினேன். எனக்கும் உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று காட்ட ஒரு ஆசை. அக்கராயனில் என் மச்சாள் இருக்கிறாள், கூலிக்குத் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஆறு பேர் ஒரு கூட்டாக இருக்கிறார்கள் என்றேன். அன்றைக்கு எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த ஒரு நாள்.

பார்சலை அனுப்பியது தனிக்கதை. இங்கே தபால் கந்தோர் என்று ஒன்று கிடையாது. பலசரக்குக் கடையின் மூலையில் ஒரு மேசை. அங்கே நின்ற பெண், “இதற்குள் பற்றரி இருக்கிறதா?” என்று சும்மா கேட்டாள். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. வவுனியாச் சோதனைச் சாவடியில், கொண்டைக்குள் இரண்டு சின்ன பற்றரியை ஒளித்துவைத்த அம்மாவுக்குப் பின்னால் நின்றபோது வியர்த்த அதே வியர்வை. “இல்லை” என்று வாயில் வந்துவிட்டது. பிறகு “ஓம்” என்றேன், பிறகு “லிதியம் இல்லை, துத்தநாகம்” என்றேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு விளக்கம் சொன்னேன்.

கொழும்புச் சுங்கத்தில் மறித்தார்கள். இது உடுப்பா, மருத்துவக் கருவியா என்று கேட்டு ஒரு கடிதம். உடுப்பென்றால் துணி என்னவென்று எழுது, கருவியென்றால் அனுமதி எடு. உடுப்பு என்று எழுதினேன். உடுப்புக்கு ஏன் பற்றரி என்று இரண்டாவது கடிதம். முதலாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை என்று மூன்றாவது. தவமணியே கிளிநொச்சியில் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், வரிசையில் நின்று, கந்தோரில் இருந்த ஐயாவின் கையில் ஒரு பட்டியைக் கட்டி, அவருடைய நாடியை அவருக்கே காட்டியிருக்கிறாள். “உங்களுக்கு ரென்சன் கூட ஐயா, கொஞ்சம் நிழல்ல இருங்கோ” என்றாளாம். கையெழுத்து வந்துவிட்டது.

இதை நான்தான் கிர்ஸ்டனுக்கு மொழிபெயர்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடுத்த கிழமை படம் சுவரில் ஏறியது.

4

செவ்வாய்க்கிழமைகளில் பத்து மணிக்கு வீடியோவில் பேசுவோம். அங்கே ஒன்றரை மணி, பெண்கள் சாப்பிட இருக்கிற நேரம். நான் நடுவில் இருந்து இரண்டு பக்கமும் சொல்வேன்.

தவமணிக்குக் கதை சொல்லத் தெரியும். போன சிறுபோகத்தில் அவர்களில் ஒருத்தி, பரமேஸ், வெயிலில் விழுந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதற்குப் பிறகும் காணிக்காரர் நிழலில் இருக்க விடமாட்டார். களைக்குது என்றால் நடிப்பு என்பார். இப்போது பட்டி அதிர்ந்தால் அவள் கையை நீட்டிக் காட்டுகிறாள், அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, சரி பத்து நிமிசம் என்கிறார். “மனிசர் சொன்னாக் கேளாத மனிசன் பட்டி சொன்னாக் கேக்கிறார்” என்றாள் தவமணி. நான் அதை டெனிஷில் சொன்னபோது கிர்ஸ்டன் பேனையை எடுத்து அதை எழுதிவைத்தார். நான் எத்தனையோ வருடமாக மனிதர்கள் சொல்கிற நல்ல வசனங்களைப் பொறுக்கி ஒரு கொப்பியில் எழுதிவருகிறவள். என் வாயால் போன ஒரு வசனத்தை இன்னொருத்தி பெயரில் மற்றவர்கள் எழுதியதைப் பார்க்க எப்படியிருக்கும் என்று நீங்கள் யோசிக்கலாம்.

பிறகு எல்லாவற்றுக்கும் “தாவாவைக் கேட்போம்” என்றானது; தவமணி அவர்கள் வாயில் தாவா. பட்டியின் நிறத்துக்குத் தாவா. கொக்கி எந்தப் பக்கம் என்பதற்குத் தாவா. கொக்கியைப் பற்றிப் பத்து வருடமாக நான் சொல்லிவந்ததையே அவள் சொன்னாள், அன்றைக்கு மாற்றினார்கள்.

என் மகள் அபியும் சேர்ந்துகொண்டாள். ஆர்ஹுஸ் நகரத்தில் தனியாக இருக்கிறாள். பட்டியை ரெலிபோனோடு இணைக்கத் தெரியாமல் அந்தப் பெண்கள் தடுமாறியபோது நான்தான் அவளுடைய இலக்கத்தைக் கொடுத்தேன். எனக்குக் கிழமைக்கு ஒருதரம் டெனிஷில் இரண்டு வரி எழுதுகிறவள், தவமணிக்குத் தமிழில் குரல் அனுப்பத் தொடங்கினாள். “மாமி, நான் இண்டைக்கு மீன் பொரிச்சனான், கருகிப்போச்சு.” அதை எனக்குப் போட்டுக் காட்டியது தவமணி. “பிள்ளை எவ்வளவு வடிவாக் கதைக்கிறாள், நீ ஏன் தமிழ் தெரியாது எண்டு சொன்னனி?” என்று கேட்டாள். என் மகள் மீன் பொரித்ததை அக்கராயன் வழியாக அறிந்தேன்.

5

ஐந்தாம் கிழமை பட்டிகள் சாகத் தொடங்கின. முதலில் பரமேசின் பட்டி, பிறகு ஒவ்வொன்றாக ஆறும். டென்மார்க்கில் அதேமாதிரிப் பட்டிகள் மாதக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தன. கிர்ஸ்டன் கவலைப்பட்டார். துத்தநாகம் உள்ளே ஊசிபோல வளர்ந்து கூழைக் குத்தி மறுபக்கத்தைத் தொட்டிருக்கலாம், இந்த வகைப் பற்றரிக்கு அது பெரிய வியாதி என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தவமணி எனக்குத் தனியாக எடுத்தாள். லைற் நின்றதைக் காணிக்காரர் கண்டுவிட்டார், இனி நிழல் இல்லை என்று சொல்லிவிட்டார். ஆகவே அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறாள். பட்டியை வெட்டவில்லை, துளை போடவில்லை. உப்புத் தண்ணீரில் ஒரு பகல் முழுக்க ஊறப்போட்டாள். பின்னேரம் சார்ஜில் போட, பச்சை லைற் வந்துவிட்டது. பிறகு மிச்ச ஐந்தையும் அப்படியே செய்தாள்.

“ஒண்டு கவனிச்சனான், எடி” என்றாள். “தண்ணிக்குள்ள போட்ட உடனே ஒரு இடத்தாலதான் குமிழி வந்தது. ஆறுலயும் அதே இடம். நீ மூலையில திருப்பிக் குத்துவியே, அந்த ஓட்டையால. காத்து அதாலதான் வருது எண்டா, தண்ணியும் அதாலதான் போயிருக்கு. அதுக்குத் தண்ணி விடாய்ச்சுப்போச்சு. நீ அவாவுக்குச் சொல்லு.”

மூலையில் ஒரு பின்தையல் போடுவது எங்கள் பழக்கம். கிளிநொச்சியில் தையல் பழகிய யாரையும் கேளுங்கள்: மூலையில் திரும்பும்போது ஊசியை அரைக் குத்து உள்ளே எடுத்து, திருப்பிக் குத்தி, பிறகு வெளியே வருவோம். பள்ளிக்கூடச் சட்டை கிழியாமல் இருக்க அப்படித்தான் பழக்கினார்கள். இங்கே யாரும் அப்படித் தைப்பதில்லை. என் மூலை பிரியாது என்று எனக்குப் பெருமை. அந்த அரைக் குத்துத்தான் உறையின் ஒட்டில் விழுந்திருக்கிறது. டென்மார்க் ஈரக்காற்றில் தெரியாது. அக்கராயன் வெயில் ஊசித்துளையால் தண்ணீரைக் குடித்துவிட்டது.

நான் தவமணியை ஏசினேன். ஆரடி உன்னை அதைத் தண்ணியில் போடச் சொன்னது என்றேன். கழுவ வேண்டாம் என்று தமிழில் எழுதி அனுப்பியது நான்தானே என்றேன். அவள், “கழுவேல்லையே, பருக்கினனான்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை அழைப்பில் அவள் முழுவதையும் திரும்பவும் சொன்னாள், உப்பு, குமிழி, மூலை எல்லாம். கிர்ஸ்டன் என் பக்கம் திரும்பினார். நான் டெனிஷில் சொன்னது ஒரே வசனம்: “பட்டிகள் திரும்ப வேலைசெய்கின்றனவாம்.”

ஏன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். என் தையலின் பிழை வெளியே வந்துவிடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அது இரண்டாவதாக வந்தது. முதலில் வந்தது, இதைச் சொன்னால் கிர்ஸ்டன் துள்ளுவார், எல்லோரையும் கூப்பிடுவார், இன்னொரு வசனம் எழுதப்படும் என்ற எரிச்சல். அதைத் தாங்க என்னால் ஏலாது.

6

மாத முடிவில் ஆறு பட்டிகளும், கிர்ஸ்டன் பரிசோதிக்கக் கேட்டபடி, பார்சலில் திரும்பிவந்தன. கிர்ஸ்டன் உறையைப் பிரித்து ஆராய்ந்தார். உள்ளே சாதாரண சோற்று உப்பு. அவர் கோபிக்கவில்லை, கோபிக்கத் தெரியாது; முகம் மட்டும் விழுந்துவிட்டது. அறிவுறுத்தலைப் பின்பற்றாமல் எதற்குள்ளோ நனைத்திருக்கிறார்கள், இந்தப் பதிவுகளை ஒன்றுக்கும் எடுக்க முடியாது, அடுத்த பட்டிகள் ஸ்பெயினில் வீதி வேலை செய்பவர்களுக்குப் போகட்டும் என்றார். அது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் இடத்தில் யாராவது கேக் கொண்டுவருவார்கள். நான் அன்றைக்கு இரண்டு துண்டு சாப்பிட்டேன். படம் எப்போது இறங்கும் என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

சனிக்கிழமை ஒரு பழைய பட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினியில் சூப்புக் கோப்பைக்குள் தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, அதை அமுக்கிப் பிடித்தேன். தவமணி சொன்னது பொய்யாக இருக்கட்டும் என்று மனதுக்குள் கேட்டேன். மூலையிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. என் கணவர் எட்டிப் பார்த்து, “என்னத்தை அவிக்கிறீர்?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

திங்கட்கிழமை கிர்ஸ்டனிடம் போனேன். பட்டியைக் காட்டி, குமிழியைக் காட்டி, பிழை என் தையலில்தான், ஊசி வளரவில்லை, தண்ணீர் வற்றியிருக்கிறது என்றேன். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். “வீட்டில் சோதித்துப் பார்த்தேன்” என்றேன். அது பொய்யில்லை. அதற்கு முதல் இருந்ததைத்தான் விட்டுவிட்டேன்.

அவர் பதினான்கு பேரையும் கூப்பிட்டார். தன் பிழையைத் தானே தேடிக் கண்டுபிடித்து வந்து சொல்கிற ஒருவர் எங்களோடு இருக்கிறார் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். பத்தொன்பது வருடம் காத்திருந்த கைதட்டல். காலிலிருந்து தலைவரைக்கும் கூசியது, ஆனாலும் சிரித்துக்கொண்டு நின்றேன். முடிந்ததும் மெதுவாகக் கேட்டேன், அப்படியென்றால் அக்கராயன் பெண்கள்? காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் அவர்கள் நனைத்தது நனைத்ததுதான், சொன்னதைச் செய்யாதவர்களை வைத்துச் சோதிக்க முடியாது என்றார். “நாளைக்குக் கடைசியாக ஒருதரம் அழைத்து நன்றி சொல்வோம். நீ மரியாதையாகச் சொல்லிவிடு.”

7

செவ்வாய், பத்து மணி. திரையில் ஆறு பேரும் ஒரு பாலைமர நிழலில் இருந்தார்கள். சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்திருந்தன. கிர்ஸ்டன் நன்றி சொன்னார், நான் சொன்னேன். அறிவுறுத்தலைப் பின்பற்ற வேண்டியது முக்கியம் என்றார், நான் சொன்னேன். ஆகவே இத்தோடு நிறுத்துகிறோம் என்றார். அதையும் சொன்னேன், “தாங்கோ”, “செய்யுங்கோ” எல்லாம் போட்டு, மிக மரியாதையாக.

தவமணி சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். பிறகு கேட்டாள்:

“எடி சாந்தி, அந்த உப்புத் தண்ணிக் கதையை நீ அவாவுக்குச் சொன்னனியோ?”

கிர்ஸ்டன் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறா என்று கேட்டார். அந்த நேரம் நான் எதையும் சொல்லியிருக்கலாம். ஒருவருக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்கு டெனிஷ் தெரியாது. கவலைப்படுகிறா என்று சொல்லலாம், வணக்கம் சொல்கிறா என்று சொல்லலாம். நடுவில் இருக்கிறவளுடைய நாக்கில் எல்லாம் இருக்கிறது.

பின்னால் இருந்த பரமேஸ் முன்னுக்கு வந்தாள். அவளோடு நான் ஒருநாளும் நேராகக் கதைத்ததில்லை. “அக்கா, உள்ளுக்க ஒண்டும் இல்லாட்டியும் பரவாயில்லை” என்றாள். “பச்சை லைற் மட்டும் எரியிற மாதிரி சும்மா ஒரு பட்டியெண்டாலும் தரச் சொல்லுங்கோ. அதிர்ந்தமாதிரி நாங்கள் கையைக் காட்டுவம். காணிக்காரருக்கு வித்தியாசம் தெரியாது.”

அதை முதலில் மொழிபெயர்த்தேன், அவள் சொன்னபடியே. பிறகு தவமணியின் கேள்வியை மொழிபெயர்த்தேன். பிறகு நான் ஒரே வசனமாக்கிய அந்தச் செவ்வாயில் அவள் சொன்னதை, உப்பு, பகல் முழுக்க, குமிழி, மூலை, தண்ணி விடாய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாக, இதை அப்போதே சொன்னா, நான்தான் உங்களுக்குச் சொல்லவில்லை, நேற்றுக் கைதட்டியது அவவுக்கு வரவேண்டியது என்றேன். என் டெனிஷ் அன்றைக்குத் துண்டு துண்டாக வந்தது.

கிர்ஸ்டன் கண்ணாடியைக் கழற்றினார். எப்போது சொன்னா என்று கேட்டார். நாலு கிழமைக்கு முதல் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு கதவைச் சாத்துகிறமாதிரி, சத்தமில்லாமல், பார்வையைத் திரைக்குத் திருப்பினார்.

“எவ்வளவு உப்பு என்று கேள்.”

கேட்டேன். “சோத்துக்குப் போடுறதிலும் கொஞ்சம் கூட” என்றாள் தவமணி.

கிணற்றுத் தண்ணீரா, குளத்துத் தண்ணீரா? எத்தனை மணித்தியாலம்? குமிழி எவ்வளவு நேரம் வந்தது? திரும்பச் சார்ஜ் பண்ண எத்தனை நாள் நின்றது? ஒரு மணித்தியாலம் போனது. சாப்பாட்டு நேரம் முடிந்து காணிக்காரர் தேடிவந்தபோது தவமணி அவருக்கும் திரையைக் காட்டி, “வெளிநாட்டு அம்மா கதைக்கிறா, நில்லுங்கோ” என்றாள். அவர் நின்றார். நான் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு பக்கமும் கடத்தினேன். ஒன்றையும் குறைக்கவில்லை. குறைக்க வேண்டும்போல இருந்தது, கடைசிவரைக்கும் இருந்தது.

நனைத்ததால்தான் பழுது எதுவென்று தெரிந்தது, உள்ளே ஊசி வளர்ந்து தொட்டிருந்தால் தண்ணீர் பட்டு எழும்பியிருக்காது என்றார் கிர்ஸ்டன். புதிய பட்டிகளில் மூலையைத் தைக்காமல் ஒட்டுவோம், அவை முதலில் அக்கராயனுக்குப் போகும், பிறகுதான் ஸ்பெயின் என்றார். அறிக்கையில் தவமணியின் முழுப்பெயரையும் ஊரையும் எழுதித்தரச் சொன்னார். எழுதிக்கொடுத்தேன். கடைசியாக, அடுத்த செவ்வாயிலிருந்து உன் மகள் மொழிபெயர்க்கட்டும் என்றார். வேலை போகவில்லை. இனிச் செவ்வாய்க்கிழமைகளில் கிர்ஸ்டனும் அபியும் தவமணியும் சிரிப்பது தையல் மெசின் அறைக்குக் கேட்கும், அவ்வளவுதான்.

8

அடுத்தநாள் வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது தவமணி எடுத்தாள். காற்று எதிரே அடித்ததால் ஒரு பஸ் தரிப்பிடத்துக்குள் ஒதுங்கினேன்.

“ஏன்டி சொல்லேல்ல?” என்று கேட்டாள். “தையல் பிழை எண்டு வேலையால நிப்பாட்டிப்போடுவினம் எண்டு பயந்தனியோ?”

ஓம் என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவளே வழியைத் திறந்து தந்தாள்.

“இல்லை” என்றேன். “உன்னில எரிச்சல்.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடியுமட்டும் நான் நின்றேன். “என்னிலயோ? வெயிலுக்க மிளகாய் ஆயிற என்னிலயோ?”

சுவர்ப் படத்தைப் பற்றிச் சொன்னேன், கொக்கியைப் பற்றிச் சொன்னேன், அபி மீன் பொரித்ததைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எல்லாம் எவ்வளவு சின்னதென்று எனக்கே கேட்டது.

“நீ ஒரு போகத்துக்கே இந்தப் பாடு படுறாய்” என்றாள். “நான் நீ பிளேன் ஏறின நாள் துவக்கம் எரியிறன். வேலை கரைச்சல், குளிர் கரைச்சல், பாசை கரைச்சல் எண்டு எழுதுவாய். அந்தக் கரைச்சலை எனக்குத் தாவன் எண்டு நினைப்பன். உன்ர கடிதத்தை மாமிக்கும் மற்றாக்களுக்கும் நான்தானே வாசிச்சுக் காட்டுறனான். நீ பனியில வழுக்கி விழுந்து கை முறிஞ்ச கடிதம் வந்ததெல்லோ, அதை மட்டும் இரண்டு தரம் வாசிச்சனான்.”

மாமி என்றது என் அம்மாவை. அவவுக்குக் கண் தெரியாமல் போன பிறகு என் கடிதங்களை வாசித்தது தவமணிதான். அதற்கு நான் ஒவ்வொரு கடிதத்திலும் நன்றி எழுதியிருக்கிறேன்.

“வேறையென்ன செய்தனி?” என்று கேட்டேன்.

“நல்ல செய்தி வந்தா வேகமா வாசிப்பன்.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் ஒன்று வந்து, கதவைத் திறந்து, ஏறவில்லையா என்று சாரதி பார்த்து, மூடிக்கொண்டு போனது.

“உண்மையைச் சொல்லு” என்றாள் தவமணி. “இப்ப எல்லாம் கதைச்சிட்டம். எரிச்சல் போயிட்டுதோ?”

யோசித்துப் பார்த்தேன். அவளுடைய பெயர் என் கையெழுத்திலேயே கிர்ஸ்டனின் மேசையில் கிடந்தது. அடுத்த செவ்வாய் அபி அவளோடு பேசப்போகிறாள்.

“இல்லை” என்றேன்.

“எனக்கும் போகேல்ல” என்றாள். பிறகு, “பரமேஸ் கேக்கச் சொன்னவள், புதுப் பட்டி எப்ப வரும்?” என்று கேட்டாள்.